முள் குத்தாத குச்சி

பதுளையில் த்ரீவீலர் ஓட்டும் ரிப்கானுக்கு ஓட்டத்தைவிடப் பிடித்த வேலை, சரோஜினி டீச்சர் வீட்டு முற்றத்தில் நிற்பது. டீச்சர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பதுளைப் பெண்கள் பாடசாலை ஒன்றில் தாவரவியல் படிப்பித்தவர், ஓய்வுபெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. காணாமல்போன நகை, கிணற்றில் கிடந்த பூட்டு என்று எதையாவது தூக்கிக்கொண்டு ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். வந்தவர்கள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் ரிப்கான் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான். அவன் கண்டுபிடித்தவர்களில் ஒருவர்கூட இதுவரை குற்றவாளியாக இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அன்று காலை வந்தவள் ஜெயந்தினி. டீச்சரிடம் படித்தவள், நமுனுகுல பக்கம் மேல்சோலைத் தோட்டத்துப் பெண். இப்போது பதுளையில் தங்கி ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"டீச்சர், எங்கப்பா நாளைக்கு தோட்டத்து ஆபீசு விசாரணையில கையெழுத்துப் போடப்போறாரு. மலைய எரிச்சது நான்தான்னு."

ஓர்கிட் செடிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த டீச்சர் போத்தலைக் கீழே வைத்தார். "இரும் பிள்ளை. முதல்ல தண்ணியைக் குடியும். பிறகு முதல்ல இருந்து சொல்லும்."

ஜெயந்தினி சொன்னாள். அவளுடைய அப்பா பொன்னையா தோட்டத்துத் தொழிலாளி. தோட்டத்துக்கு மேலே புல்வெளியில், ஒரு நெல்லிமரத்தடியில் மூன்று கல் நட்டு முனியாண்டி சாமி இருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்ததும் பொன்னையா ஏறிப்போய்க் கற்பூரம் கொளுத்துவார். கற்பூரம் தானாக அணையும்வரை உட்கார்ந்திருந்து, திருநீறு பூசிக்கொண்டுதான் இறங்குவார். மழையானாலும் காற்றானாலும் அது மாறியதில்லை.

"ரெண்டு வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கெழம மட்டும் மாறிப்போச்சு டீச்சர். நாந்தான் போன் எடுத்தேன். பஸ்ஸ விட்டுட்டேன், பசறையில தனியா நிக்கிறேன், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. கற்பூரம் எரியிறப்பவே எறங்கி ஓடி வந்துட்டாரு. நாங்க வீட்டுக்கு வரக்குள்ள மலையே பத்திக்கிட்டு எரியுது."

"ஆருக்கும் ஏதும் நடந்ததோ?"

"ஆளுங்களுக்கு ஒண்ணுமில்ல. புல்லுக்காடு எரிஞ்சிருச்சு. கீழ இருந்த யூக்கலிப்டஸ் காடும் போச்சு. வேல போயிரும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும். அதுகூட பரவால்ல. சாமி காட்ட நானே கொளுத்திட்டேன்னு அப்பா சோறு திங்க மாட்டேங்கிறாரு. தேத்தண்ணியில உசுரப் புடிச்சிக்கிட்டு இருக்காரு. கையெழுத்துப் போட்டுட்டார்னா சாகுற வரைக்கும் அதையே நம்பிக்கிட்டு இருப்பாரு டீச்சர்."

ரிப்கானால் பொறுக்க முடியவில்லை. "டீச்சர், இது மாட்டுக்காரங்கட வேல! கோடையில புல்லக் கொளுத்தினாத்தானே மழைக்கு இளம்புல்லு வரும். வருசாவருசம் நடக்குறதுதானே."

"இருக்கலாம்," என்றார் டீச்சர். டீச்சர் 'இருக்கலாம்' என்று சொன்னால் 'இல்லை' என்று அர்த்தம். ரிப்கானுக்கு அது தெரியும், ஆனாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மகிழ்ந்துபோவான்.

மூவரும் த்ரீவீலரில் பசறை வழியாக ஏறும்போது பாதையின் இரண்டு பக்கமும் டீச்சருக்குப் பாடசாலைதான். செடிகொடிகளை அவர் இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருந்தார்: ஊர்க்காரர், வந்தவர். கித்துள் பனை ஊர்க்காரர். நெல்லி ஊர்க்காரர். யூக்கலிப்டஸ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர், நாயுண்ணி அமெரிக்காவிலிருந்து பூச்செடியாக வந்து காட்டைப் பிடித்துக்கொண்டவர்.

"தேயிலையும் வந்ததுதானே டீச்சர்," என்றாள் ஜெயந்தினி பக்கத்திலிருந்து. "நாங்களும் வந்தவங்கதான்."

"நானும் ரயில்ல வந்தவள்தான்," என்றார் டீச்சர். "வந்தவரோ ஊர்க்காரரோ, ஒவ்வொண்டுக்கும் ஒரு குணம் இருக்கு. அது தெரியாமல் பழகினால்தான் பிழை."

தோட்டத்து ஆபீசில் மேனேஜர் அஷ்பாக் துரை அவர்களை மரியாதையாகவே வரவேற்றார். இளம் வயது, கொழும்புப் படிப்பு, பொன்னையாவின் மேல் கோபத்தைவிடச் சங்கடம்தான் அதிகம் இருந்தது.

"எனக்கும் இது விருப்பமில்ல மிஸ். ஆனா பங்களாவுல இருந்து நானே பாத்தேன். முதல்ல புகை கிளம்பினது கோயில் பக்கம்தான். அவரும் தான்தான்னு ஒத்துக்கொள்றார். நான் வேற என்ன எழுதுறது?"

"பங்களாவில நிண்டு பார்த்தால் யூக்கலிப்டஸ் காடு தெரியுமோ?"

"ரோட்டோரத்து வரிசை தெரியும். உள்ளுக்குத் தெரியாது. இப்பதான் ஒண்ணுமே இல்லையே. எரிஞ்ச மரத்தையெல்லாம் சுபாஸ் வெட்டி எடுத்துட்டார்."

சுபாஸ் பக்கத்துக் கதிரையிலேயே இருந்தான். பதுளையில் மர வியாபாரம் செய்பவன், கொன்ட்ராக்ட்காரன். சிரித்த முகம். டீச்சர் பெயரைக் கேட்டதும் எழுந்து கதிரையை விட்டுக்கொடுத்தான்.

"எரிஞ்ச மரம் நின்னா காத்துக்கு விழுந்து ஆளுங்களுக்கு ஆபத்துங்க டீச்சர். அதான் தொரைக்கிட்ட கேட்டு, கூலி வேணாம், வெறகு மட்டும் தாங்கன்னு ஒரே மூச்சுல வெட்டிக் குடுத்தேன். ஊசியிலைப் பைனஸ் காட்டுலயே பொறந்து வளந்தவன் நானு. மரத்து வேல எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"நெருப்புக்கு முதல் அந்தக் காட்டில ஆராவது மரம் வெட்டினவையோ?"

"கத்திகூட வைக்கலீங்க. தொரையக் கேளுங்க. அடுத்த மாசம் கொழும்புல இருந்து மரம் எண்ண ஆள் வாறதா இருந்துச்சு. அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு." சுபாஸ் வருத்தத்தோடு தலையை ஆட்டினான்.

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு மலையில் ஏறினார். ஜெயந்தினி அப்பாவைப் பார்க்க வீட்டுக்குப் போக, ரிப்கான் பின்னால் ஏறினான். கோடையில் வீசும் கச்சான் காற்று கீழே பள்ளத்திலிருந்து மேல்நோக்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. தீப்பட்ட இடத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் பாதி கருகிய நாயுண்ணிப் புதர்கள். வழுக்கிய இடத்தில் ரிப்கான் ஒன்றைப் பிடித்தான். அடுத்த நொடி கையை உதறிக்கொண்டு கத்தினான்.

"முள்ளு, டீச்சர்! கருகியும் குத்துது!"

"குத்தும். தண்டைப் பாரும், சதுரம். விளிம்பு வழிய முள்ளு. நெருப்புக்கு இலைதான் போகும், குணம் போகாது."

ரிப்கான் விரலைச் சப்பிக்கொண்டு நடந்தான்.

யூக்கலிப்டஸ் காடு இருந்த இடத்தில் கரியும் சாம்பலும்தான். அடிக்கட்டைகள் வரிசை வரிசையாக நின்றன. பட்டையெல்லாம் கருகியிருக்க, மேல்வெட்டு மட்டும் வெளிறிப் புதிதாக இருந்தது. எரிந்த பிறகு வெட்டியவை என்பது யாருக்கும் பார்த்தவுடன் தெரியும். ரிப்கானுக்கும் தெரிந்தது, அதனால் அவனுக்கு அதில் சுவாரசியம் இல்லை. அவன் காட்டின் நடுவில் ஒரு கட்டையில் ஏறி உட்காரப் போனான். கட்டையைச் சுற்றிக் கரிக்குச்சிகள் ஆளுயரத்துக்கு நின்றன. இரண்டு குச்சிகளை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி, உட்கார்ந்து, வெள்ளைச் சட்டையில் கரியைத் துடைத்து, அதற்காகத் தன்னையே ஏசிக்கொண்டான்.

டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரிப்கான், இப்ப ஏன் கத்தேல்லை?"

"என்னத்துக்கு டீச்சர் கத்துற?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

அதன் பிறகு அவர் ரோட்டோரத்து வரிசைக்குப் போய் அந்த அடிக்கட்டைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அங்கே கட்டைகளின் அருகில் ஒரு குச்சியும் இல்லை, வெறும் சாம்பல்தான். மறுபடி உள்ளே வந்தார், குனிந்தார், விரலால் மண்ணைக் கிளறினார். பிறகு மேலே ஏறிக் கோயில் நெல்லிமரத்தடியில் வெகுநேரம் நின்றார். மூன்று கற்களும் கறுத்திருந்தன. மரம் நின்றது. பள்ளத்தைப் பார்த்த பக்கம் அதன் பட்டை முழங்காலுக்குத்தான் கருகியிருந்தது. மலையுச்சியைப் பார்த்த பக்கம் கரி தோளுக்கு மேலும் ஏறியிருந்தது. கிளை நுனிகளில் சின்னச் சின்னப் பச்சை.

ரிப்கானுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. "டீச்சர், மாட்டுக்காரங்கதானே?"

"கீழ போய் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாரும். துரை, சுபாஸ், ஜெயந்தினி, தகப்பன். நாளைய விசாரணையை இண்டைக்கே, இங்கேயே வைப்பம்."

பொன்னையா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. டீச்சரைக் கண்டதும் கும்பிட்டார். "எதுக்குங்கம்மா இவ்ளோ செரமம்? செஞ்சவன் நான் ஒத்துக்கிறேனே. இத்தன வருசமா காத்தவன் ஒருநாள் விட்டுட்டுப் போனேன், சாமி காட்டிருச்சு."

டீச்சர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நெல்லிமரத்தைக் குடைமுனையால் காட்டினார்.

"முதல் கேள்வி, நெருப்பு எங்கே தொடங்கினது? துரை, இந்த மரத்தைச் சுத்தி ஒருக்கால் வாங்கோ. எந்தப் பக்கம் கூடக் கருகியிருக்கு?"

அஷ்பாக் சுற்றிவந்தார். "மேல்பக்கம்."

"காத்தோட ஓடிவாற நெருப்பு மரத்தில முட்டினால், முட்டின பக்கம் தாழப் பதிவாத்தான் எரியும். மரத்துக்குப் பின்னால காத்து மறையிற இடத்தில சுவாலை சுழண்டு உயர ஏறும். ஆகவே உயரக் கரி இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில இருந்துதான் நெருப்பு வந்திருக்கு. இந்த மரத்துக்கு அது பள்ளத்தில இருந்து வந்திருக்கு. கற்பூரம் எரிஞ்சது மரத்தடியில. நெருப்பு இங்க தொடங்கியிருந்தால் இந்தப் பட்டை இப்படி இருக்க ஏலாது."

"ஆனா மிஸ், புகை இங்கதானே முதல்ல தெரிஞ்சது? கொள்ளி உருண்டு கீழ போயிருக்கலாமே."

"கொள்ளி உருளும், சரி. அப்படியெண்டால் மேல முதல்ல எரிஞ்சு, கரி மேலயிருந்து வந்ததாக் காட்டியிருக்கும். புகையைப் பற்றியெண்டால், கச்சான் காத்தை நீங்களே இப்ப பாக்கிறியள். காட்டுக்குள்ள தொடங்கின புகையைக் காத்து நிலத்தோட தள்ளிக்கொண்டு வந்து இந்த மேட்டிலதான் தூக்கியிருக்கும். நடுவில ரோட்டோரத்து வரிசை மறைச்சுக்கொண்டு நிண்டது. பங்களாவில நிண்டவருக்குக் கோயில் எரியிற மாதிரித்தான் தெரியும்."

பொன்னையா கறுத்த கற்களைப் பார்த்தார். ஜெயந்தினி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்ப மாட்டுக்காரங்க!" என்றான் ரிப்கான்.

"மாட்டுக்காரர் புல்லைத்தான் கொளுத்துவினம். இது கீழ யூக்கலிப்டஸ் காட்டுக்குள்ள தொடங்கினது. வாங்கோ, அங்க போவம்."

எல்லோரும் யூக்கலிப்டஸ் காட்டுக்கு இறங்கினார்கள். டீச்சர் ரிப்கான் உட்கார்ந்திருந்த கட்டையருகே நின்றார்.

"சுபாஸ், இந்தக் கட்டைகளை எல்லாம் வெட்டினது நீங்கள்தானே? வேற ஒருவரும் இல்லையே?"

"நாந்தாங்க. எரிஞ்ச பெறகு. வெட்டப் பாத்தாலே தெரியுதே."

"தெரியுது. வலு சுத்தமான வெட்டு. ரிப்கான், முதல்ல பிடிச்சமாதிரி அந்தக் குச்சியைப் பிடியும்."

ரிப்கான் பிடித்தான். "பிடிச்சிட்டேன்."

"முள்ளுக் குத்துதோ?"

"இல்லையே." அவன் கையைப் பார்த்தான், குச்சியைப் பார்த்தான். "டீச்சர்! இது உருண்டையா ஈக்குது! நாயுண்ணி சதுரமெல்லோ?"

ஒரு நல்ல மாணவனைப் பார்ப்பதுபோல டீச்சர் அவனைப் பார்த்தார். ரிப்கானுக்கு அந்த ஒரு பார்வைக்காகவே இன்னும் பத்துச் சட்டையில் கரி பூசிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அடியில, கருகாத இடத்தில, நகத்தால கீறி மணந்து பாரும்."

மணந்தான். "தைல மணம்! சளிக்குப் பூசுற தைலம்!"

"யூக்கலிப்டஸ் தளிர்," என்றார் டீச்சர் எல்லோரையும் பார்த்து. "மண்ணைக் கிளறினால் தெரியும், இந்தக் கட்டையின்ர அடியில இருந்துதான் முளைச்சிருக்கு. நல்லா நிக்கிற யூக்கலிப்டஸ் அடியில இப்படிச் சுத்திவரத் தளிர் விடாது. மரத்தை வெட்டினால்தான் விடும். வெட்டி, தளிர் விட்டு, அது ஆளுயரத்துக்கு வளந்து, பிறகுதான் நெருப்பு வந்து அதைக் கரியாக்கியிருக்கு. அப்ப நெருப்பு வந்த நேரம் இந்த மரம் இங்க இல்லை. பல மாசத்துக்கு முன்னமே போயிட்டுது."

அஷ்பாக் குனிந்து அடுத்த கட்டையைப் பார்த்தார், அதற்கடுத்த கட்டையையும் பார்த்தார். எல்லாவற்றையும் சுற்றி முள்ளில்லாத கரிக்குச்சிகள்.

"உள்ளுக்க இருந்த மரங்கள் எல்லாம் இப்படித்தான். ரோட்டோரத்து வரிசையில மட்டும் ஒரு குச்சியும் இல்லை. அந்த ஒரு வரிசையை மறைப்புக்கு விட்டிட்டு உள்ளுக்க வெட்டி வித்திருக்கினம். மரம் எண்ண ஆள் வருதெண்டதும் மரம் எரிஞ்சுபோனதாக் காட்ட வேண்டி வந்தது. எரிஞ்ச பிறகு பழைய கட்டைகளின்ர தலையை எல்லாம் சீவிப் புது வெட்டாக்கியாச்சு. அதில ஒரு குறையும் இல்லை, சுபாஸ். ஆனால் நீங்கள் பைனஸ் காட்டில வளந்தவர். பைனஸை வெட்டினால் கட்டை அத்தோட செத்துப்போகும், திரும்ப முளைக்காது. அதே பழக்கத்தில இதுகளை நாயுண்ணிக் குச்சி எண்டு விட்டிட்டியள்."

சுபாஸின் சிரிப்பு எப்போது போனது என்று ரிப்கான் கவனிக்கவில்லை. அவன் துரையைப் பார்த்தான், பாதையைப் பார்த்தான், கடைசியில் ஒரு கட்டையில் உட்கார்ந்துவிட்டான்.

"வேற யாராச்சும் திருடி வெட்டியிருக்கலாம்," என்றான் மெல்ல.

"அப்ப பழைய வெட்டை உங்கட மரம் அறுக்கிற வாள் சீவினது ஏன்? எல்லாத்தையும் நான்தான் வெட்டினன் எண்டு இப்பதானே எங்கட முன்னால சொன்னியள்."

ஜெயந்தினி அப்பாவின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள். இப்போது அவள் அழவில்லை.

"வெள்ளிக்கெழமன்னா எங்கப்பா மேல கற்பூரம் கொளுத்துவாருன்னு தோட்டத்துக்கே தெரியும். அதான் வெள்ளிக்கெழம பாத்து நெருப்பு வச்சீங்களா?"

சுபாஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சாமி வரைக்கும் ஏறாம, புல்லோட நின்னுரும்னுதான் நெனச்சேன்," என்றான். "காத்து இப்படி அடிக்கும்னு..."

"ஆபீசுக்கு வாங்க," என்றார் அஷ்பாக் அவனிடம். ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்பது தெரிந்தது. "பொலிசுக்கு நான் போன் பண்றேன்." பிறகு பொன்னையாவின் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு நீங்க ஆபீசுக்கு வரத் தேவையில்ல. காலையில வேலப் பெரட்டுக்கு வாங்க, வழக்கம்போல."

அஷ்பாக்கும் சுபாஸும் இறங்கிப்போன பிறகும் பொன்னையா நின்ற இடத்திலேயே நின்றார்.

"அம்மா, அப்ப நான் விட்டுட்டுப் போன கற்பூரம்?"

"அது தன்ர பாட்டில எரிஞ்சு அணைஞ்சிருக்கும் ஐயா. நெருப்பு கீழ இருந்துதான் உங்கட சாமிக்கிட்டப் போயிருக்கு. உங்கட கையால இல்லை."

பொன்னையா அழுதார். மகள் முன்னால், அறியாத ஆட்கள் முன்னால், வெட்கமில்லாமல் அழுதார். பிறகு தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நிமிசம் மேல போயிட்டு வந்துர்றேன்," என்றார்.

எல்லோருமே கூடப் போனார்கள். நெல்லிமரத்தடியில் அவர் கையால் சாம்பலை ஒதுக்கி இடத்தைச் சுத்தம் செய்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஜெயந்தினியின் கையில் கொடுத்தார். மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். சோறு தின்னாத நாளிலும் அது மடியில் இருந்திருக்கிறது. காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து கொளுத்தினார்.

"பதுளை கடைசி பஸ் போயிரும்ப்பா," என்றாள் ஜெயந்தினி கொஞ்ச நேரத்தில்.

"போகட்டும்."

"நான் கொண்டுபோய் விடுறேன்," என்றான் ரிப்கான் அவசரமாக. டீச்சர் விரலை உதட்டில் வைத்தார். அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்பது ரிப்கானுக்குத் தெரியும். ஆனாலும் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, காற்று உள்ளே வராதபடி தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார்.

கற்பூரம் முழுவதும் எரிந்து, சிறிதாகி, கல்லில் ஒரு கறுப்புப் பொட்டாகி அணைந்தது. புகை போகும்வரையும் பொன்னையா காத்திருந்தார். பிறகு திருநீற்றைப் பூசிக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்து எழுந்தார்.

"வீட்ல என்னா புள்ள சோறு இருக்கு?" என்றார்.